இத்ரீஸ் சொன்ன புரோட்டா

தென்காசி, குற்றாலம் பக்கம் எங்கே எது நன்றாக இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இத்ரீஸைத்தான் கேட்க வேண்டும். ஷார்ஜாவில் இருபத்துநாலு வருஷம் எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள். ஒருவன் காலையில் ரயிலை விட்டு இறங்கியது முதல் பொழுது சாய்வது வரை எந்தக் கடையில் எதைத் தின்ன வேண்டும், எந்தச் சட்னியை வெட்கப்படாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்க வேண்டும், எந்த மேஜையில் ஈ மொய்க்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சங்கதி என்னவென்றால், அந்தக் கடைகளில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது.

இது அவருக்கும் படைத்தவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மனைவி நஸீபாவுக்குப் பாதி தெரியும். அதாவது, தன் வீட்டுக்காரர் வெளியே எங்கும் கை நனைக்க மாட்டார் என்பது தெரியும். அதைத் தன் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு இத்தனை காலம் சந்தோஷமாக இருந்தாள்.

சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சிவகிரியிலிருந்து முத்துகுமரன் போன் பண்ணினார். ஷார்ஜாவில் ஒரே அறையில் இருபது வருஷம் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக் கிடந்தவர்.

"ஏலே மாப்ள, சனிக்கிழமை வாரேன். காலைல ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லு. லிஸ்ட்டு எங்கிட்ட இருக்கு."

"என்ன லிஸ்ட்டு?"

"என்ன லிஸ்ட்டா? நீ சொன்ன லிஸ்ட்டுதாம்ல. நம்ம ரூம்ல காஜாண்ணன் எழுதி வச்சிருந்தாருல்லா? ஒண்ணு விடாம எல்லாக் கடைக்கும் போறோம். நான் காலைல பச்சத்தண்ணிகூடக் குடிக்காம வருவேன்."

இத்ரீஸ் போனை வைத்துவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்றார். சனிக்கிழமை சாப்பாடு வெளியில்தான் என்றார். மீன் கழுவிக்கொண்டிருந்த நஸீபா திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களா? கடையிலயா? ஒங்களுக்கே தெரியாத கடைக்கு அவரை எப்படிங்க கூட்டிட்டுப் போவீங்க?"

"தெரியும்" என்றார் இத்ரீஸ். தெரியும் என்றதில் பொய் இல்லை.

அவருக்கு அந்தக் கடைகள் தெரிந்த கதை இதுதான். இத்ரீஸின் வாப்பா தறிக்காரர். மூச்சிரைப்பு வந்து தறியை விட்டு எழுந்தவர் திரும்ப உட்காரவே இல்லை. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைகள் மூன்று பேர். இருபத்துமூன்று வயது இத்ரீஸ் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு இலை வியாபாரத்தில் இறங்கினார். விடியுமுன் இலஞ்சித் தோப்புகளில் வாழை இலையை அறுத்து, நுனி இலை தனி, டிபன் இலை தனி என்று கட்டி, கேரியரில் ஆள் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுவார். தென்காசிக் கோவில் பக்கம் ஓர் இட்லிக் கடை, மேலகரத்தில் ஒரு மெஸ், செங்கோட்டைக்கு முன்னால், பார்டர் என்று சொல்லப்படும் பழைய எல்லையில் ஒரு புரோட்டாக் கடை என்று நாலு வருஷம் ஓடியது.

இலைக்காரன் போவது பின்வாசல் வழியாக. கட்டை இறக்கி, தண்ணீர் தெளித்து, எண்ணிக் கொடுக்கிற அரை மணி நேரமும் அடுப்படியில்தான் நிற்க வேண்டும். மூக்குக்கு நேராக எல்லாம் கொதிக்கும், பொரியும், தாளிக்கப்படும். வயிறு என்னவோ முந்தின நாள் ராத்திரிக் கஞ்சியோடு இருக்கும்.

பார்டர் கடை மாஸ்டர் பலவேசம் நல்ல மனுஷர். ஒரு நாள் கல்லிலிருந்து இரண்டு புரோட்டாவை எடுத்துத் தட்டி, இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி நீட்டினார். "தம்பி, அந்தா அந்த ஆட்டுக்கல்லு மேல ஒக்காந்து தின்னுட்டுப் போ" என்றார்.

இத்ரீஸ் கையை நீட்டவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. தின்னா முன்வாசல் வழியா வந்து, பெஞ்சுல ஒக்காந்து, எலை போட்டுத்தான் திம்பேன்."

"அடி சக்கை!" என்று சிரித்தார் பலவேசம். அந்தப் புரோட்டாவை அடுத்த நிமிஷம் தண்ணீர் எடுக்கிறவர் தின்றார். இத்ரீஸுக்கு அன்றைக்கு இருந்தது வெறும் வீம்பு. ஆனால் இல்லாதவன் வீம்பை அவ்வளவு சீக்கிரம் விட மாட்டான். மூன்று கடையிலும் அதையே சொன்னார். மூக்குக்கு மட்டும் அந்த வீம்பு கிடையாது. அது பாட்டுக்கு நாலு வருஷமும் வயிறார மோந்துகொண்டு இருந்தது.

பிறகு விசா வந்தது. ஷார்ஜாவில் ஓர் அறையில் ஆறு பேர். போன முதல் வெள்ளிக்கிழமை, காய்ந்த குபூஸ் ரொட்டியையும் பருப்பையும் நடுவில் வைத்து எல்லோரும் அதையே வெறித்துக்கொண்டு இருந்தார்கள். அறைக்குப் பெரியவர் காஜா. கீழக்கரைக்காரர், குற்றாலத்தைப் பேரளவில் மட்டும் கேள்விப்பட்டவர். அவர்தான் கேட்டார்.

"தம்பி, நீ தென்காசிதானே? அங்க சாப்பாடெல்லாம் எப்படி?"

யாராவது அன்றைக்கு, நீ சாப்பிட்டிருக்கிறாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. இத்ரீஸ் இட்லிக் கடையில் ஆரம்பித்தார். தட்டிலிருந்து ஈரத்துணியை உரிக்கும்போது முகத்தில் அடிக்கிற ஆவியைச் சொன்னார். மெஸ்ஸில் சொதி கொதிக்கும்போது தேங்காய்ப்பால் திரிந்துவிடாமல் அகப்பையால் தூக்கித் தூக்கி ஊற்றுவதைச் சொன்னார். பார்டர் கடைக்கு வந்தபோது அறையில் ஒருவனும் மெல்லவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த முத்துகுமரன், "ஏலே, மணக்குதுலே" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இதே வழக்கம் ஆகிவிட்டது. காஜா ஒரு டைரியில் கடை கடையாக எழுத ஆரம்பித்தார். அவருக்குச் சர்க்கரை கூடிப்போய் டாக்டர்கள் ஒவ்வொரு பண்டமாக விடச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அவர் ருசித்துச் சாப்பிட்டது இத்ரீஸ் சொன்னதை மட்டும்தான். வேறு யாராவது ஊர்ப் பெருமை பேச வந்தால், "நீ சும்மா இரு, தம்பி சொல்லட்டும்" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது இத்ரீஸ் அந்தக் கடைகளுக்குப் போயிருக்கலாம். பையில் பணமும் இருந்தது. ஒரு லீவில் பார்டர் கடை முன்வாசல் வரை போய் நின்றும் பார்த்தார். உள்ளே போய் வாயில் வைத்து, அது தான் சொன்னது மாதிரி இல்லாவிட்டால்? திரும்பிப் போய் காஜாண்ணன் முகத்தைப் பார்த்து அடுத்த வெள்ளிக்கிழமை எதைச் சொல்வது? பயந்துபோய் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு வந்த லீவெல்லாம் நஸீபா கையால் சாப்பிட்டே கழிந்தது.

காஜா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதுவும் வெள்ளிக்கிழமைதான். "தம்பி, பார்டர் கடை மட்டும் போதும். கல்லுல போடுற சத்தத்திலேருந்து சொல்லு" என்றார். இத்ரீஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சொன்னார். காஜா கண்ணை மூடிக்கொண்டு தொண்டையை அசைத்து அசைத்து விழுங்கினார். ஊருக்கு வந்ததும் முதல் வேலை அங்கே போய் உட்காருவதுதான் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அவர் இல்லை. அங்கேயே அடக்கம் பண்ணினார்கள். காஜாவின் பெட்டியைக் கட்டும்போது டைரியை முத்துகுமரன் எடுத்துக்கொண்டார்.

அந்த டைரிதான் சனிக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியது. முத்துகுமரன் நரைத்துக் கொஞ்சம் தொப்பை போட்டிருந்தாரே தவிர, பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாலே, மொதல்ல இட்லி. காஜாண்ணன் பங்கையும் நாந்தான் திங்கப் போறேன், இப்பவே சொல்லிட்டேன்."

கோவில் வாசலில் எப்போதும் வீசுகிற காற்று அன்றைக்கும் ஆளைத் தள்ளியது. இட்லிக் கடை கண்ணாடிக் கதவு போட்டு ஏ.சி. ஆகியிருந்தது. இலை போன இடத்தில் பிளாஸ்டிக்கில் இலை மாதிரி ஒன்றை வைத்தார்கள். ஒரு காலத்து இலைக்காரருக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது. முத்துகுமரன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைரியை விரித்தார்.

"'துணியை உரிக்கும்போது ஆவி மொகத்துல அடிக்கும்.' எங்கலே ஆவி?"

"அப்ப அடிச்சுது" என்றார் இத்ரீஸ்.

முத்துகுமரன் நாலு இட்லி தின்றார். நல்ல இட்லிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சிவகிரியிலும் அந்த இட்லி கிடைக்கும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இத்ரீஸ் ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டார். வயிறு சரியில்லை என்று சொன்னார்.

"நாலு நாளா ஒரே நெனப்பா வந்திருக்கேன், நீ வயிறு சரியில்லங்கே. என்ன ஆளுலே நீ" என்றார் முத்துகுமரன்.

அங்கிருந்து பழைய அருவிக்குப் போனார்கள். தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டு வரிசையில் நின்று, தண்ணீர் முதுகில் அறைய அறைய அரை மணி நேரம் குளித்தார்கள். குளித்துவிட்டு வந்தவனுக்கு எடுக்கிற பசி ஊரில் வேறெங்கும் எடுக்காது. ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டே தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காபியும் வாங்கினார்கள். இத்ரீஸ் மூன்று பஜ்ஜியை நிமிஷத்தில் தீர்த்தார். இது அவர் அந்தக் காலத்திலேயே தின்றது. பஜ்ஜிக்கடைக்கு இலை வேண்டாம், செய்தித்தாள் போதும். அதனால் அங்கே பின்வாசலும் கிடையாது, வீம்பும் கிடையாது.

"வயிறு சரியாயிட்டோ?" என்று கேட்ட முத்துகுமரன் டைரியைப் புரட்டினார். "ஏலே, இந்தப் பஜ்ஜியைப் பத்தி நீ ஒரு வரி சொல்லலையே? இம்புட்டு நல்லாருக்கு?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? பஜ்ஜி" என்றார் இத்ரீஸ்.

மேலகரத்தில் மெஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. மெஸ்ஸை மூடி ஆறு வருஷமாயிற்று என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். இத்ரீஸ் வாய்க்குள் ஓர் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். உடனே அதற்காக வெட்கப்பட்டார். பிழைப்பு போன ஒரு கடைக்கு இப்படிச் சந்தோஷப்படலாமா? முத்துகுமரன் மெஸ் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிட்டு மூடினார். "சொதியை நீ சொல்லிக் கேட்டதோட சரி" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

மிச்சமிருந்தது பார்டர் கடை ஒன்றுதான். ஆட்டோவில் போகும்போது இத்ரீஸுக்குச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை தொண்டை வரை வந்தது. பக்கத்தில் முத்துகுமரன் டைரியை மடியில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது?

கடை முன்பக்கம் இடித்துக் கட்டி, இரண்டு மாடி ஏறி, வாசலில் கேரளா நம்பர் கார்களாக நின்றன. மூன்று மணி ஆகியும் கூட்டம் குறையவில்லை. ரோட்டைப் பார்த்த மேஜையில் இடம் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு முன் சொன்னபடி முன்வாசல் வழியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று.

முத்துகுமரன் டைரியைப் பிரித்தார். இந்தப் பக்கம் மட்டும் எண்ணெய்க் கை பட்டு மங்கியிருந்தது. "'மாவை வீசும்போது மாஸ்டர் தலைக்கு மேல முருங்கமரம் ஆடும். ஆட்டுக்கல்லுல பூனை படுத்திருக்கும். சால்னாச் சட்டியைத் திறந்தா சுவரெல்லாம் ஆவி பிடிக்கும்.'" அவர் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தார். பஸ்ஸும் காரும் கல்லாவும் தெரிந்தன. மறுபடியும் டைரியைப் பார்த்தார். இலை போட வந்த சப்ளையரை நிறுத்தினார்.

"தம்பி, இங்கன முருங்கமரம் எதுவும் நின்னுதா?"

"இப்பமும் நிக்கே அண்ணாச்சி. அடுப்படிக்குப் பின்னால. இங்கன இருந்து எப்படித் தெரியும்?"

முத்துகுமரன் எழுந்தார். கை கழுவுகிற இடத்தைத் தாண்டி உள்ளே போனார். இத்ரீஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முன்னால் கிடந்த இலையின் நடு நரம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். நல்ல இலை, அன்றைக்கு அறுத்தது.

முத்துகுமரன் திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. வந்து உட்கார்ந்தவர் டைரியைத் தொடவில்லை.

"முருங்கமரம் நிக்கு. ஆட்டுக்கல்லு கெடக்கு. பூனை மட்டும் இல்ல, அது செத்திருக்கும். நீ சொன்னது எல்லாமே அங்கனதாம்ல இருக்கு. இங்கன ஒண்ணுமே இல்ல. நீ இந்த பெஞ்சுல எப்பலே ஒக்காந்தே?"

"இன்னைக்குத்தான்."

"அப்ப?"

இத்ரீஸ் எல்லாவற்றையும் சொன்னார். இலைக்கட்டு, பின்வாசல், பலவேசம் மாஸ்டர், வீம்பு, முதல் வெள்ளிக்கிழமை, வாசல் வரை வந்து திரும்பிய லீவு என்று ஒன்றையும் விடவில்லை. "கண்ணால பாத்தேன் மாப்ள, மூக்கால மோந்தேன். ஒரு தடவைகூட வாயில வைக்கல."

முத்துகுமரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க கெடக்கோம், போட்டும். அந்த மனுசன் சாவக் கெடந்தாரே. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, அப்பவும் பொய்தானாலே சொன்னே?"

"ஆமா" என்றார் இத்ரீஸ். அது ஒன்பது வருஷமாகத் தூக்கம் வராத ராத்திரிகளில் அவர் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் துடைக்கத் தோன்றவில்லை.

முத்துகுமரன் டைரியை எடுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு எழுந்தார். கல்லா பக்கம் போனார். பஸ்ஸுக்குத்தான் போகிறார் என்று இத்ரீஸ் நினைத்தார். போகட்டும், அவர் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவது? ஆனால் அவர் கல்லாவில் ஏதோ பேசிவிட்டு மேஜைக்கே திரும்பி வந்து, இரண்டு இலையையும் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எந்தி."

"எங்க?"

"காஜாண்ணன் ஒக்காந்து தின்ன எடத்துக்கு. அவர் இந்த பெஞ்சுல தின்னாரா? இருபது வருசமா அந்த ஆட்டுக்கல்லுலதானே தின்னாரு? அங்கன வா."

"மாப்ள, அங்கன திங்க மாட்டேன்னு நான் அன்னைக்கு..."

"நீ சொன்னது எனக்கு இப்பம்தான் தெரியும். எந்திலே."

இத்ரீஸ் எழுந்து பின்னால் போனார். அடுப்படியில் இளவட்ட மாஸ்டர்கள் மூன்று பேர் மாவை வீசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிழவர்கள் ஆட்டுக்கல்லில் இலை விரிப்பதை அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மேலே முருங்கைமரம் சாரல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. புரோட்டா வந்தது. முத்துகுமரன் தானே அதைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறவிட்டு, இத்ரீஸ் பக்கம் தள்ளினார். அன்றைக்கு பலவேசம் நீட்டிய அதே இடம்தான்.

இத்ரீஸ் பிஸ்மி சொல்லி ஒரு வாய் எடுத்தார். மெதுவாக மென்றார். மிளகும் சோம்பும் நாக்கில் ஏறின. இன்னொரு வாய் எடுத்தார்.

"எப்படிலே இருக்கு? வெள்ளிக்கிழமை மாதிரி சொல்லு."

இத்ரீஸ் வாயில் இருந்ததை விழுங்கினார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். பிறகு இன்னொரு வாயும் எடுத்து மென்றார். "ஆனா நான் சொன்னதுதான் ருசியா இருந்துது."

"அது எங்களுக்குத் தெரியாதாலே? அதைத்தானே இருபது வருசம் தின்னு உசுரோட இருந்தோம். காஜாண்ணன் தின்னதும் அதைத்தான்" என்றார் முத்துகுமரன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு டைரியைத் திறந்து கல்லின் மேல் வைத்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, இன்னும் ஓர் இலை போடச் சொன்னார்.